கிரிப்டோவை எங்கே, எப்படிப் பத்திரமாக வைப்பது? டெக்னிக்கல் அறிவு இல்லாதவரின் கேள்விகள்

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பிட்காயின், கொஞ்சம் ஈதர், மீதி யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கிற காயின்). எல்லாமே இப்போ எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கிற தளம்) கணக்கிலேயே கிடக்குது. சாவி நம்ம கையில இல்லைன்னா காசு நம்மளுது இல்லைன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. நீயே வெச்சுக்கிட்டா ஒருநாள் தொலைச்சுட்டு நிப்பேன்னு இன்னொரு பக்கம் பயமுறுத்துறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. புரோகிராமிங் எதுவும் தெரியாது. போனும் லேப்டாப்பும் சாதாரணமா பயன்படுத்தத் தெரியும், அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்சிலேயே விடலாமா, வெளியே எடுக்கணுமா? வாலட் ஆரம்பிக்கும்போது தர்ற 12 சொல்லை போட்டோ எடுத்து வெச்சா போதாதா? ஹார்டுவேர் வாலட் (சாவியைத் தனியா வெச்சிருக்கிற சின்னச் சாதனம்) வாங்கினா, அது உடைஞ்சாலோ கம்பெனி மூடினாலோ என்ன ஆகும்? நமக்கு ஏதாவது ஆயிட்டா வீட்டில இருக்கிறவங்க எப்படி எடுப்பாங்க? படிப்படியா சொன்னா உதவியா இருக்கும்.

---

கல்வெட்டு எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்றவற்றுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வாலட்டுக்குள் காயின் எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது, அந்தக் கணக்கிலிருந்து செலவழிக்க அனுமதி தரும் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) மட்டும்தான். நீங்கள் பயன்படுத்தும் எல்லா முகவரிகளின் கீயும் அந்த 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படுகிறது. இந்தச் சொற்களைத்தான் சீட் ஃபிரேஸ் என்பார்கள். அதனால் சாதனம் உடைந்தால், திருட்டுப் போனால், தயாரித்த நிறுவனமே இல்லாமல் போனால்கூட, சொற்களை வேறொரு நிறுவனத்தின் வாலட்டில் கொடுத்துப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். சாதனம் உங்கள் பீரோவில் பூட்டியே இருந்தாலும், சொற்களை இன்னொருவர் பார்த்துவிட்டால் பணம் போய்விடும். நீங்கள் காக்க வேண்டியது சொற்களை.

பெரும்பாலான வாலட்கள் பிப் 39 என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுகின்றன. அதில் மொத்தம் 2048 சொற்கள். முதல் நான்கு எழுத்தை வைத்தே எந்தச் சொல் என்று சொல்லிவிடலாம், அப்படித்தான் பட்டியலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தானாக உருவாக்கும் 12 சொற்கள் அதன் சொந்த முறையில் ஆனவை. ட்ரெசார் என்ற ஹார்டுவேர் வாலட்டின் புதிய மாடல்கள் வழக்கமாகத் தரும் 20 சொற்கள் ஸ்லிப் 39 என்ற வேறு தரம். இவற்றை எல்லா வாலட்டும் ஏற்காது. எனவே சொற்களோடு எந்த வாலட், என்ன தரம் என்பதையும் எழுதி வையுங்கள்.

போட்டோ விஷயம்: வேண்டவே வேண்டாம். போனில் எடுத்த படம் பெரும்பாலும் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் மெயில் கணக்கைப் பிடித்தவருக்கு வாலட்டும் சேர்ந்தே கிடைக்கும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய ஸ்பார்க்கேட் என்ற மால்வேர் (தீய நிரல்), கேலரியில் உள்ள படங்களிலிருந்து எழுத்தை வாசித்து சீட் ஃபிரேஸைத் தேடியது. அது புகுந்த ஆப்கள் கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்தன. மெயில் டிராஃப்ட், வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வது, நோட்ஸ் ஆப் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பாஸ்வேர்டு மேனேஜரிலும் வைக்க வேண்டாம். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரின் வாடிக்கையாளர்களுடைய பெட்டகங்கள் மொத்தமாகத் திருடப்பட்டன. என்கிரிப்ட் ஆகியிருந்தாலும், நகல் கையில் கிடைத்தவர் மாஸ்டர் பாஸ்வேர்டை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் உட்கார்ந்து முயலலாம். எக்ஸ்சேஞ்ச் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். சீட் ஃபிரேஸை மாற்ற முடியாது, புது வாலட் உருவாக்கிப் பணத்தை நகர்த்துவதுதான் வழி.

எழுதும் முறை. காகிதத்தில் கையால், தனித்தனிப் பெரிய ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வரிசை எண் போட்டு எழுதுங்கள். எண் அலங்காரத்துக்கு இல்லை. 12 சொற்கள் வரிசை கலைந்தால் சுமார் 48 கோடி வழிகள். கணினியால் முயன்று பார்த்துவிடலாம். 24 சொற்கள் கலைந்தால் எந்தக் கணினியாலும் ஆகாது. பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரையும். பென்சில் கரையாது. பிரிண்டர் வேண்டாம், பல பிரிண்டர்கள் அச்சிட்டதை நினைவில் வைத்திருக்கும். லேமினேட் செய்யக் கடையில் கொடுத்தால் சொற்களைக் கடைக்காரரிடம் காட்டியதாகத்தான் அர்த்தம்.

தொகை பெரிதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில், எழுத்து அடிக்கும் பஞ்சும் சுத்தியலும் கொண்டு பதியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660-இலேயே உருகிவிடும், அதனால் அது வேண்டாம். ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்து, 24 சொல்லுக்கு அதிகபட்சம் 96 எழுத்து. ஓர் எச்சரிக்கை: மூன்றெழுத்துச் சொற்களும் பட்டியலில் உண்டு. 'ஆக்ட்' தனிச்சொல். 'ஆக்‌ஷன்', 'ஆக்டர்', 'ஆக்ட்ரஸ்' ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. மூன்றெழுத்தோடு முடியும் சொல்லுக்குப் பின் ஒரு புள்ளியோ கோடோ அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால், நான்காவது எழுத்து விடுபட்டதா, சொல்லே அவ்வளவுதானா என்று பின்னால் தெரியாது.

இனி முக்கியமான வேலை. பலரும் இதைச் செய்வதில்லை, பணம் தொலைவதும் பெரும்பாலும் இங்கேதான்.

சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்திடமோ அது அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அது பொறி, அப்படியே ஒதுக்கிவிடுங்கள். சொற்கள் உங்கள் முன்னால், சாதனத்தின் திரையில்தான் உருவாக வேண்டும். பின் நம்பர் வையுங்கள். சொற்களை இரண்டு பிரதி எழுதுங்கள். பிறகு சாதனத்தின் திரையில் தெரியும் முதல் பெறும் முகவரியைக் குறித்துக்கொண்டு, தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற அளவு சிறு தொகை அனுப்புங்கள். வந்து சேர்ந்ததா? இப்போது சாதனத்தை முழுக்க அழியுங்கள். ரீசெட் மெனு இருக்கும். லெட்ஜர் சாதனத்தில் 3 முறை, ட்ரெசாரில் அதைவிட அதிக முறை தவறான பின் போட்டாலும் அழிந்துவிடும். அழிந்த சாதனத்தில், காகிதத்தைப் பார்த்து மட்டும் சொற்களைத் திரும்பக் கொடுங்கள். அதே முகவரி, அதே பாலன்ஸ் வர வேண்டும். அந்தச் சிறு தொகையில் கொஞ்சத்தை எக்ஸ்சேஞ்சுக்கே திருப்பி அனுப்பிப் பாருங்கள், கையெழுத்திடும் திறனும் சரியென்று உறுதியாகும். அடுத்து இரண்டாவது பிரதியை வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். இரண்டும் தேறிய பிறகு மீதியை நகர்த்துங்கள்.

இரண்டு பிரதியையும் ஏன் சோதிக்க வேண்டும்? கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்குப் பதில் அதே பட்டியலின் வேறொரு சொல்லை எழுதிவிட்டால், பெரும்பாலும் சாதனம் ஏற்க மறுக்கும். ஆனால் 12 சொல்லில் 16-க்கு 1 வாய்ப்பும், 24 சொல்லில் 256-க்கு 1 வாய்ப்பும், தவறு பிடிபடாமல் காலியான வேறொரு வாலட் திறக்கும். வீடு மாறும்போதோ போன் தொலையும்போதோ இதைக் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது.

சொற்களை நீங்களே யோசித்துத் தேர்வு செய்ய நினைக்காதீர்கள். மனிதர் தேர்வு செய்வதில் எப்போதும் ஒரு பாங்கு இருக்கும். அதைத் தேடித் திருடவே நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

---

இரட்டைத்தாழ் எழுதியது:

எக்ஸ்சேஞ்ச் பற்றிய முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் தொகை, சட்டப்படி பார்த்தால் அவங்க உங்களுக்குத் தர வேண்டிய கடன் மாதிரிதான் பெரும்பாலும் ஆகிவிடுது. மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014-இல் திவாலானபோது காணாமல் போனதாகச் சொன்னது சுமார் 8,50,000 பிட்காயின். அதில் 2,00,000 பிறகு கிடைச்சது. கடன்காரர்களுக்குத் திருப்பித் தர ஆரம்பிக்கவே பத்து வருஷம் ஆச்சு. எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் விழுந்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருட்டுப் போச்சு. அந்த நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை ஈடுகட்டியது. எல்லாரும் ஈடுகட்டுவாங்கன்னு எடுத்துக்க முடியாது.

அதுக்காக உடனே எல்லாத்தையும் வெளியே எடுங்கன்னும் சொல்ல மாட்டேன். கல்வெட்டு சொன்ன ஒத்திகையை முடிக்காம வெளியே எடுக்கிறது, எக்ஸ்சேஞ்சில் விடுவதைவிட ஆபத்து. என் அளவுகோல் இதுதான்: வாங்கி விற்கத் தேவையான தொகை எக்ஸ்சேஞ்சில். மாசக்கணக்கில் தொடப்போறதில்லைன்னா ஹார்டுவேர் வாலட்டில். சாதனம் வாங்குற செலவுக்கே பெறாத தொகைன்னா நல்ல எக்ஸ்சேஞ்சில் விட்டுட்டு, கணக்கைக் கெட்டியாப் பூட்டுங்க.

பூட்டுறது மெயிலிலிருந்து ஆரம்பிக்கணும். எக்ஸ்சேஞ்சுக்குன்னு தனியா ஒரு மெயில் முகவரி. வேற எங்கேயும் கொடுக்காதீங்க. அதுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு. மெயில் விழுந்தா "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" பட்டன் ஒண்ணே போதும், மீதி எல்லாம் திறந்துடும்.

அடுத்து இரண்டாம் கட்ட சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம். உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா ஓடிபி எல்லாம் அவங்க கைக்குப் போகும். திடீர்னு போனில் சிக்னல் போய் ரொம்ப நேரம் வரலைன்னா, வேற போனிலிருந்து உடனே சிம் நிறுவனத்தைக் கூப்பிட்டு, எக்ஸ்சேஞ்ச் கணக்கை முடக்குங்க. 30 விநாடிக்கு ஒருதரம் 6 இலக்கம் மாறும் அத்தென்டிகேட்டர் ஆப் போடுங்க. அதைச் சேர்க்கும்போது கியூஆர் கோடுக்குக் கீழே ஒரு நீள எழுத்துக்கோவை காட்டும், அதைக் காகிதத்தில் எழுதணும். போன் உடைஞ்சா புதுப் போனில் அதையே கொடுத்தா அதே எண்கள் வரும். இதை எழுதாம விட்டவங்கதான் கணக்குக்குள்ள போக முடியாம வாரக்கணக்கில் சப்போர்ட்டோட மல்லாடுறாங்க. பாஸ்கீயோ (போன் பூட்டைத் திறக்கிற மாதிரி உள்ளே போகும் முறை) யூபிகீ மாதிரி கையில் வெச்சுக்கிற சாவியோ எக்ஸ்சேஞ்ச் ஏத்துக்கிட்டா அது இன்னும் மேல், ஏன்னா 6 இலக்க எண்ணைப் போலித் தளத்தில் நீங்களே தட்டிக் கொடுத்துடலாம். சாவி போலித் தளத்தில் வேலையே செய்யாது. சாவி ரெண்டு வாங்கி ரெண்டையும் பதிவு பண்ணுங்க.

அப்புறம் வித்டிராயல் வைட்லிஸ்ட். நீங்க பதிவு செஞ்ச முகவரிக்கு மட்டும்தான் பணம் வெளியே போகும். புது முகவரி சேர்த்தா பல எக்ஸ்சேஞ்சுகளில் 24 மணி நேரம் காத்திருக்கணும். கணக்குக்குள்ள யாராவது புகுந்தாலும் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான். ஆன்டி ஃபிஷிங் கோடு வசதி இருந்தா அதையும் போடுங்க, நீங்க தேர்ந்தெடுத்த சொல் இல்லாம வர்ற மெயில் போலின்னு பார்த்ததும் தெரிஞ்சுடும்.

தளத்துக்குக் கூகுளில் தேடிப் போகாதீங்க. மேலே வர்ற விளம்பரமே போலித் தளமா இருக்கலாம். முகவரியை ஒருமுறை சரியாத் தட்டி புக்மார்க் போட்டு, எப்பவும் அதிலிருந்தே போங்க.

---

புதுவரவு எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. தகடு விஷயமும், அழிச்சுட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கிற விஷயமும் இதுக்கு முன்னாடி எங்கேயும் படிச்சதில்லை.

ரெண்டு சந்தேகம். 24 சொல்லையும் ஒரே இடத்தில வைக்காம, பாதி ஒரு இடம், மீதி இன்னொரு இடம்னு பிரிச்சா நல்லதுதானே? 25-ஆவது சொல்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வைக்கணுமா?

---

மூன்றாம்பிறை எழுதியது:

பாதிப் பாதி வேண்டாம், ஒன்று தொலைந்தால் எல்லாம் போகும். மூன்று காகிதமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 16 சொற்கள், எந்த இரண்டு கிடைத்தாலும் 24-உம் நிறையும்படி. ஒன்று தொலைந்தாலும் கவலை இல்லை, ஒன்று திருட்டுப் போனாலும் கவலை இல்லை.

---

கல்வெட்டு எழுதியது:

மூன்றாம்பிறை சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணினிக் கணக்கில் ஒரு சொல் 11 பிட்; ஒரு பிட் கூடினால் முயல வேண்டிய வழிகள் இரட்டிப்பாகும். ஒரு காகிதம் திருடனிடம் போனால் அவனுக்குத் தெரியாதவை 8 சொற்கள், அதாவது 88 பிட். அதில் 8 பிட் சரிபார்ப்புக்குப் போய்விடும். மிஞ்சுவது 80 பிட். இன்றைக்கு ஒரு சாதாரணத் திருடனால் அதை உடைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 256 பிட்டாக இருந்த பாதுகாப்பை நாமே 80-க்கு இறக்குகிறோம். இதே வித்தையை 12 சொல்லில் செய்தால் ஒவ்வொரு காகிதத்திலும் 8 சொற்கள் இருக்கும், தெரியாதவை 4 மட்டும். 44 பிட்டில் சரிபார்ப்பு போக 40. அதை ஒரு கணினி உடைத்துவிடும். புதியவர் ஒருவர் இங்கே படித்துவிட்டு 12 சொல்லுக்கு இதைச் செய்துவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் மறதி. எந்தக் காகிதத்தில் எந்தெந்தச் சொல், எந்த இடத்தில் எது என்பது நாள்பட நினைவில் நிற்காது. வீட்டாருக்கு ஒன்றுமே புரியாது. புதியவருக்கு என் பரிந்துரை: முழுச் சொற்களும் கொண்ட இரண்டு பிரதிகள், ஒரே தீயோ வெள்ளமோ இரண்டையும் தொட முடியாத இரண்டு இடங்கள், இரண்டு இடத்திலும் பூட்டு. உண்மையிலேயே பிரித்து வைக்க வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்த ஸ்லிப் 39 முறையில் மூன்றில் இரண்டு பங்கு என்று அமைக்கலாம். அதில் ஒரு பங்கு மட்டும் கையில் கிடைத்தவருக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

25-ஆவது சொல் எனப்படும் பாஸ்ஃபிரேஸ் பட்டியலில் இருந்து வருவதில்லை, நீங்களே வைப்பது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தவறான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரு வாலட் திறக்கும். பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து, கடைசியில் ஒரு இடைவெளி கூடுதல் என்றால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் காலியான வாலட் ஒன்று வந்து நிற்கும். மறந்துவிட்டால் கேட்டுப் பெற ஆளில்லை. ஆகவே அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும், சொற்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில். ஆரம்பத்தில் வேண்டாம். சாதனம் பழகிய பின், சொற்கள் இருக்கும் இடத்தில் மற்றவர் நடமாட்டம் அதிகம் என்றால் யோசியுங்கள்.

---

மூன்றாம்பிறை எழுதியது:

12 சொல் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். புதுவரவு, என் யோசனையை விட்டுவிடுங்கள்.

---

கரைகாவல் எழுதியது:

சொற்களைக் காப்பாற்றிவிட்டு, அனுப்பும்போது கோட்டை விடுபவர்கள் நிறைய. புதுவரவு யுஎஸ்டிடி வைத்திருப்பதாகச் சொன்னதால் இதைச் சேர்க்கிறேன்.

யுஎஸ்டிடி ஒரே பெயர், பல நெட்வொர்க் (ட்ரான், எத்தீரியம், பிஎன்பி செயின் போன்ற தனித்தனி பிளாக்செயின்கள்). ட்ரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் ஆரம்பிக்கும். எத்தீரியம் முகவரி '0எக்ஸ்' என்று ஆரம்பிக்கும், அதையும் சேர்த்து 42 எழுத்து. பிஎன்பி செயின் முகவரியும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், சிக்கல் அங்கேதான். உங்கள் சொந்த வாலட்டுக்கு எத்தீரியத்துக்குப் பதில் பிஎன்பி செயினில் அனுப்பிவிட்டால் பயப்பட வேண்டாம். கீ ஒன்றுதான், வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். எக்ஸ்சேஞ்ச் தந்த முகவரிக்கு, அது ஏற்காத நெட்வொர்க்கில் அனுப்பினால் கீ அவர்களிடம். அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு. எக்ஸ்ஆர்பி போன்ற சிலவற்றுக்கு முகவரியோடு டேக் அல்லது மெமோ எண்ணும் கேட்கும். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது அதை விட்டால், பணம் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் ஏறாது.

ட்ரானில் யுஎஸ்டிடி அனுப்பக் கட்டணத்துக்கு ட்ரான் காயின் கொஞ்சம் வேண்டும், எத்தீரியத்தில் ஈதர் வேண்டும். யுஎஸ்டிடி மட்டும் இருந்து கட்டணக் காயின் இல்லாவிட்டால் நகர்த்தவே முடியாது.

முகவரியைக் காப்பி செய்து ஒட்டியதும் சாதனத்தின் திரையில் தெரிவதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். காப்பி செய்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் மால்வேர் உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்தால் போதும் என்பது பழைய அறிவுரை, இப்போது போதாது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை உங்களுக்கு அனுப்புவார்கள். அடுத்த முறை பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நீங்கள் காப்பி எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள ரேப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் டோக்கன்) திருடனுக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. பழைய பட்டியலிலிருந்து காப்பி எடுக்கவே கூடாது. பெரிய தொகைக்கு முன் சிறு தொகை அனுப்பி, பெறுபவர் பக்கம் வந்துவிட்டதைப் பார்த்து, பிறகு மீதி. கட்டணம் இரண்டு முறை போனாலும் பரவாயில்லை.

எத்தீரியம் பக்கம் இன்னொரு ஆபத்து அப்ரூவல். ஏதாவது ஒரு தளத்தில் வாலட்டை இணைத்து ஏதோ ஒன்றுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லும். அது பல சமயம், உன் யுஎஸ்டிடியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்க இந்த ஒப்பந்தத்துக்கு (பிளாக்செயினில் ஓடும் நிரலுக்கு) அனுமதி என்பதாக இருக்கும். சில கையெழுத்துக்குக் கட்டணமே கேட்காது. பெர்மிட் வகை அப்படித்தான், கட்டணம் இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். தளத்திலிருந்து டிஸ்கனெக்ட் செய்தால் அனுமதி ரத்தாகாது. எத்தர்ஸ்கேன் தளத்தில் டோக்கன் அப்ரூவல் பகுதியிலோ ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ போய்ப் பார்த்து ரத்து செய்ய வேண்டும், அதற்குச் சிறு கட்டணம் ஆகும். சேமிப்பு வாலட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள், அதற்கென்று சிறு தொகையோடு தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள். பைபிட்டில் நடந்ததும் கையெழுத்துச் சிக்கல்தான். கையெழுத்திட்டவர்கள் கணினித் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. சாதனத்தின் சிறு திரையில் வருவது புரியவில்லை என்றால் ரத்து பட்டனை அழுத்துங்கள்.

சீட் ஃபிரேஸே கசிந்துவிட்டால் அப்ரூவலை ரத்து செய்து பயனில்லை. புதுச் சொற்களோடு புது வாலட் உருவாக்கி, மதிப்பு அதிகமானதிலிருந்து ஆரம்பித்து உடனே நகர்த்துங்கள்.

---

வானம்பாடி எழுதியது:

இந்த இழையிலேயே ஒரு கேள்வி. வேறு வாலட் ஆப்பில் சொற்களைக் கொடுத்து மீட்டெடுத்தால் பாலன்ஸ் 0 காட்டுகிறது. சொற்கள் சரி என்று ஆப் ஏற்றுக்கொண்டது. பணம் போய்விட்டதா?

---

கல்வெட்டு எழுதியது:

பதற வேண்டாம், வேறெதையும் அழிக்கவும் வேண்டாம். முதலில் பழைய பெறும் முகவரி ஒன்றை எடுங்கள். எக்ஸ்சேஞ்சின் வித்டிராயல் பட்டியலில் இருக்கும். அதை பிளாக் எக்ஸ்புளோரரில் (பிளாக்செயின் பதிவைப் பார்க்கும் தளம்) போட்டுப் பாருங்கள். பணம் அங்கே இருந்தால் ஆப் தவறான இடத்தில் தேடுகிறது, அவ்வளவுதான்.

பிட்காயினில் வழக்கமான காரணம் முகவரி வகை. ஒரே சொற்களிலிருந்து 1-இல் ஆரம்பிக்கும் முகவரி, 3-இல் ஆரம்பிக்கும் முகவரி, 'பிசி1'-இல் ஆரம்பிக்கும் முகவரி என்று தனித்தனித் தொகுதிகள் உருவாகும். ஆப் ஒரு தொகுதியை மட்டும் காட்டும். பழைய முகவரி எதில் ஆரம்பிக்கிறது என்று பார்த்து அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது கணக்கு உருவாக்கி அதில் வைத்திருந்தால், புது ஆப்பிலும் இரண்டாவது கணக்கைச் சேர்க்க வேண்டும். யுஎஸ்டிடி போன்ற டோக்கன் என்றால் அதைக் கையால் சேர்க்காமல் தெரியாமல் இருக்கலாம். பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தீர்களா என்பதையும் யோசியுங்கள்.

ஒரே ஒரு சொல் மங்கி வாசிக்க முடியாமல் இருந்தாலும் எல்லாம் போனதாக அர்த்தமில்லை. எத்தனையாவது சொல் என்று தெரிந்தால், 24 சொல் வாலட்டில் சரிபார்ப்பைத் தேறும் சொற்கள் சுமார் 8 மட்டுமே. 12 சொல்லில் சுமார் 128. பொறுமையாக முயன்று எடுத்துவிடலாம்.

இந்தக் கேள்வியை இங்கே கேட்டதால் உங்களுக்குத் தனிச் செய்திகள் வரும். நிறுவன சப்போர்ட் என்பார்கள், வாலட்டை சிங்க் செய்ய வேண்டும் என்பார்கள், ஒரு பக்கத்தில் சொற்களைத் தட்டச் சொல்வார்கள். எந்த நிறுவனமும் எந்தக் காரணத்துக்கும் சொற்களைக் கேட்காது. தொலைந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள் என்பவர்களும் அதே கூட்டம். அஞ்சலில் வரும் கடிதத்துக்கும் இது பொருந்தும்: 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் வீட்டு முகவரிகளோடு கசிந்தபின், சிலருக்குப் போலி சாதனமே பார்சலில் வந்தது.

---

வானம்பாடி எழுதியது:

முகவரி 3-இல் ஆரம்பிக்கிறது, ஆப் 'பிசி1' வகையைக் காட்டிக்கொண்டிருந்தது. வகையை மாற்றியதும் முழுத் தொகையும் வந்துவிட்டது. மிக்க நன்றி. தனிச் செய்தி இதற்குள் இரண்டு வந்துவிட்டது. திறக்கவில்லை.

---

இரட்டைத்தாழ் எழுதியது:

புதுவரவோட கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு, வீட்டில இருக்கிறவங்களுக்கு.

ஒரு கடிதம் எழுதுங்க. அதில் சொற்கள் இருக்கக்கூடாது. என்னென்ன காயின் இருக்கு, எந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு, எந்த மெயில், எந்த வாலட், எத்தனை சொல், பாஸ்ஃபிரேஸ் உண்டா இல்லையா, சொற்கள் இருக்கிற ரெண்டு இடம் எவை. சாதனத்தோட பின் நம்பர் அவங்களுக்குக் கட்டாயம் இல்லை. சொற்கள் இருந்தா புது சாதனத்தில எடுத்துக்கலாம். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பணத்துக்கு வழி வேற: இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கேட்பாங்க. உங்க பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போக வேண்டாம், சட்டப்படி கேளுங்கன்னு கடிதத்திலேயே எழுதிடுங்க.

படிகளை எளிமையா எழுதுங்க: அதே மாடல் சாதனம் தயாரிப்பாளர்கிட்ட வாங்கணும், மீட்டெடு என்பதைத் தேர்ந்தெடுக்கணும், காகிதத்தைப் பார்த்து சாதனத்திலேயே சொற்களைக் கொடுக்கணும். கம்ப்யூட்டரிலோ போனிலோ வெப்சைட்டிலோ யார் சொன்னாலும் தட்டக்கூடாது. இந்த வரியைப் பெரிய எழுத்தில் தனியா எழுதி அடிக்கோடு போடுங்க. துக்கத்தில் இருக்கிற நேரத்தில்தான் உதவி பண்றேன்னு ஆள் வருவாங்க. அவசரம் எதுவும் இல்லை, ஆறு மாசம் கழிச்சு எடுத்தாலும் காயின் அங்கேதான் இருக்கும்னும் எழுதுங்க.

கடிதமும் சொற்களும் ஒரே ஆள்கிட்ட, ஒரே இடத்தில் வேண்டாம். எவ்வளவு இருக்குன்னு தொகையை எழுத வேண்டியதில்லை. வெளியாட்கள்கிட்ட அதைப் பேசவும் வேண்டாம். யார் எடுக்கப்போறாங்களோ அவங்க கையாலேயே ஒருதரம், சின்னத் தொகை போட்ட தனி வாலட்டில், கடிதத்தை மட்டும் வெச்சு மீட்டெடுக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காம பாருங்க. எந்த இடத்தில் கேள்வி கேட்கிறாங்களோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்க. கடிதத்தில் தேதி போடுங்க. வாலட் மாத்தினா பழைய கடிதத்தை எரிச்சுட்டுப் புதுசு எழுதணும், ஏன்னா ரெண்டு கடிதம் கிடைச்சா எது சரின்னு அவங்களுக்குத் தெரியாது.